கொடுத்தால் வலிக்கிற பெயர்

காலை ஏழே முக்காலுக்கு அவர் மேசைமேல் எவர்சில்வர் டிபன் டப்பா நிமிர்ந்து நிற்கும். அதில் கைபேசி சாய்ந்திருக்கும். கைபேசிக்குள் யாரோ ஒருவன் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எச்சில் துப்பிக்கொண்டிருப்பான். எங்கள் அண்ணாச்சிக்கு அப்போதுதான் பொழுது விடியும்.

பேஸ்பால். பந்து என்று சொன்னாலே இரண்டு கால்பந்து கிளப்புகளாகப் பிரிந்து நின்று சண்டை போடுகிற ஊர் கல்கத்தா. மிச்சம் இருக்கிறவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டவர்கள். இந்த ஊரில், தான் ஒருநாளும் கால் வைக்காத அமெரிக்க மேற்குக் கரை நகரம் ஒன்றின் பேஸ்பால் அணிக்காக ஒரு மனிதர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். அதுவும் வருடா வருடம் தோற்கிற அணி. அவரைத் தவிர இந்த ஊரில் அதற்கு இன்னொரு ரசிகன் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

எங்கள் வேலையால் வந்த நோய் அது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் எங்கள் அலுவலகம். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்கிற பணத்துக்கான காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவது வேலை. அவர்கள் காலையில் வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு ஆறு மணிக்கே ஷிஃப்ட், மூன்று மணிக்கு விடுதலை. ஆரம்ப காலத்தில் அவருக்கு ஃபோனில் வேலை கற்றுக்கொடுத்த அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி, நடுநடுவே தன் ஊர் அணியைப் பற்றிப் புலம்புவாளாம். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். புலம்பல் இவரிடம் தங்கிவிட்டது.

"ஜெயிக்கிற டீமுக்கு ரசிகனா இருந்தா என்னடே வேல இருக்கு? கைதட்டணும், அம்புட்டுதான். தோக்குற டீமுக்குத்தான் யோசிக்கணும். யாரக் குடுக்கலாம், யார எடுக்கலாம், எவன் இன்னும் மூணு வருசத்துல தேறுவான்னு."

அவருடைய ரசிப்பு முழுக்க இதில்தான் இருந்தது. ஆட்டத்தை அரைக் கண்ணால்தான் பார்ப்பார். பள்ளியும் கல்லூரியும் முடிக்கிற பையன்களை ஆண்டுக்கொரு முறை அணிகள் வரிசை போட்டு எடுத்துக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஏதோ ஊர்ப் பையனின் முழங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இன்னொன்று, ட்ரேட். ஓர் அணி தன் ஆளைக் கொடுத்து அடுத்த அணியின் ஆளை வாங்கிக்கொள்வது. போகிற ஆளிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நேற்றுவரை ஒரு சட்டை, இன்று காலையில் வேறு சட்டை. இது கொடுமையாக இல்லையா என்று கேட்டேன். "அவனவன் சம்பளம் என்னன்னு தெரியுமாடே ஒனக்கு?" என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது.

அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது நான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் அவருடையது. அப்பா ரயில்வேயில் சேர்ந்து இங்கே வர, இவர் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். திருநெல்வேலியையே சரியாகப் பார்க்காதவருக்கு அந்த ஊர்ப் பேச்சு மட்டும் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடுவதைக் கேட்ட வங்காளிகள் அதுதான் பெயர் என்று நினைத்து, வழக்கம்போல் பின்னால், அவர்கள் மொழியில் அண்ணனைக் குறிக்கிற ஒரு ‘தா’வை ஒட்டினார்கள். அண்ணாச்சி-தா. இரட்டிப்பு அண்ணன். அவர் யாரையும் திருத்தவில்லை. அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவரும் நானும் குடியிருந்தது லேக் கார்டன்ஸில். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. காலை ஐந்து மணிக்கு ஒரே கம்பெனி வண்டியில் ஏறி பைபாஸ் வழியாகப் போவோம். நான் சேர்ந்த முதல் வாரத்தில், முன் சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஒன்ன நான் எடுத்திருக்க மாட்டேன்டே."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "ஏன்?"

"அஞ்சு நாளாப் பாக்கேன். ஒரு தப்பு பண்ணுனா அரைமணி நேரம் மூஞ்சி தொங்குது. தப்பு எல்லாவனுந்தான் பண்ணுதான். அடுத்த பந்து வந்துக்கிட்டே இருக்கும்லா? ஒன் கண்ணு பழைய பந்து மேலயே இருக்கு."

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரிடம் பேசாமல் வந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து, அதே சீட்டிலிருந்து அதே மாதிரி திரும்பாமல், "ஒன் விசயத்துல நான் கணிச்சது தப்புடே. தேறிட்ட" என்றார். இந்த ஒரு வரிக்காக ஒரு வருடம் உழைத்தேன் என்பதை அவரிடம் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

புதிதாகச் சேருகிற பையன்கள் பெண்களை எல்லாம் கேன்டீனில் வைத்து எடைபோடுவார். வரிசையில் முந்துகிறவன் ஆறு மாதம் தாங்குவான், தனக்குத் தண்ணீர் மொள்ளும்போது பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்து மொண்டு வைக்கிறவன் ஆறு வருடம் தாங்குவான் என்பார். பாதிக்குப் பாதி பலிக்கும். பலிக்காததை அவரே ஞாபகம் வைத்திருந்து எங்களுக்குச் சொல்லிக்காட்டுவார். கணிக்கிறவர்களில் இந்தக் குணம் உள்ளவரை நான் வேறு யாரையும் பார்த்ததில்லை.

வீட்டில் மதினியும் தப்பவில்லை. ஒருநாள் நான் இருக்கும்போதே, "இவிய என்னையும் ஒருநா குடுத்துட்டு வேற ஆள வாங்கிருவாவ, பாத்துக்கிடுங்க" என்றார் அவர் மனைவி. அண்ணாச்சி தோசையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "ஒன்னக் குடுத்தா, பதிலுக்குக் குடுக்க எவன்ட்ட என்ன இருக்கு?" மதினி உள்ளே போய் இன்னொரு தோசை கொண்டுவந்து போட்டார்.

பூஜை கமிட்டியில் அவர் செய்த கூத்தைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் பாராவின், அதாவது பேட்டையின், துர்கா பூஜையில் மைக்கில் பேசுகிறவர் சின்மய்-தா. சுற்றுவட்டாரத்திலேயே அப்படி ஒரு குரல் கிடையாது. ஆனால் போக் என்கிற பிரசாதத்துக்குப் போடுகிற கிச்சடி மட்டும் எங்களிடம் வருடா வருடம் பசை மாதிரி இருக்கும். பக்கத்துப் பாராவில் கிச்சடி அமிர்தம், மைக்கில் பேசுகிறவர் திக்குவாய். கமிட்டிக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து, சின்மய்-தாவைப் பக்கத்துப் பாராவுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் சமையல்காரரை வாங்கலாம் என்று சுத்தமான வங்க மொழியில் சொன்னார். கூட்டம் கொந்தளித்தது. "உதவாதவன் யாரையாவது கொடுப்போமே" என்றார் செயலாளர்.

"உதவாதவனைக் கொடுத்தால் உதவாததுதான் வரும். கொடுக்கிறவனுக்கு வலிக்க வேண்டும். வலித்தால்தான் எதிர்ப்பக்கம் நல்லதாக ஏதாவது கொடுப்பான்" என்றார் அண்ணாச்சி.

அந்த வருடம் அஷ்டமியன்று எங்கள் பந்தலில் கிச்சடிக்கு வரிசை தெருமுனைவரை நின்றது. சின்மய்-தா மட்டும் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பக்கத்துப் பாராவில் அவருக்குச் சால்வை போர்த்தியபிறகு பேச ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் அவருக்குக் கீழே நாங்கள் பன்னிரண்டு பேர். அதில் எனக்குப் பக்கத்து மேசையில் சுபீர்-தா. நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு இருந்தார். நாங்கள் இருபது காகிதம் பார்க்கிற நேரத்தில் அவர் பன்னிரண்டு பார்ப்பார். நடுவில் தகர டப்பாவைத் திறந்து பொரியும் பச்சை மிளகாயும் தின்பார், எல்லோருக்கும் ஒரு கை நீட்டுவார். வேகத்தைக் கணக்கிடுகிற பலகையில் எப்போதும் கடைசிப் பெயர் அவருடையது. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் அந்தப் பெயரில்தான் விரலை வைப்பார்கள்.

அண்ணாச்சி அந்த விரலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். "பேஸ்பால்ல கேட்சர்னு ஒருத்தன் இருப்பான். மட்டக்காரனுக்குப் பின்னால குத்த வச்சு உக்காந்து வார பந்த எல்லாம் புடிப்பான். சில கேட்சருக்கு அடிக்கவே வராதுடே. நம்பரப் பாத்தா சைபர். ஆனா அவன் பின்னால இருக்கான்னாதான் எறியுதவன் தைரியமா எறிவான். சுபீரு அப்பிடி."

அது எவ்வளவு உண்மை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வருடம் ஜனவரியில் ஒரு நோயாளியின் காகிதத்தோடு வேறொரு நோயாளியின் ரிப்போர்ட்டை இணைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அது மன்னிப்பே இல்லாத தப்பு. வெளியே போயிருந்தால் அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். அனுப்புவதற்கு முன் சுபீர்-தா என் பக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, திரையில் விரலை வைத்து, "இதை இன்னொரு தடவை பாரேன்" என்றார் வங்க மொழியில். பிறகு பொரியை நீட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வருடா வருடம் மார்ச் கடைசியில் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டீமும் ஓர் ஆளை வேறு டீமுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சிக்கு அதுதான் தீபாவளி. மற்ற மேனேஜர்கள் தங்களிடம் இருப்பதிலேயே மட்டமான ஆளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இவர் நல்ல ஆளாகக் கொடுப்பார், அதைவிட நல்ல ஆளாகக் கேட்டு வாங்குவார். எங்கள் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

என் தப்பு நடந்த அதே வருடம் மார்ச்சிலும் பெங்களூரிலிருந்து ஹெச்.ஆர். மேடம் வழக்கமான படிவத்தை அனுப்பினார். டீமிலிருந்து ஒரு பெயர். காரணம் எழுத இடமில்லை. அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்து என் பெயரை எழுதினார். அன்று வண்டியில், "இந்த வருசம் பெரிய மீனா புடிக்கப்போறேன்டே. வலிக்கத்தான் செய்யும்" என்றார். என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது, என் மனம் அதில் இருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம், இதய ஆபரேஷன். என் கம்பெனி இன்சூரன்ஸில். நான் அங்கே வேலையில் இருக்கிறவரைதான் அந்த இன்சூரன்ஸ்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணாச்சி என் மேசைக்கு வந்து நின்றார். டிபன் டப்பாவில் சாய்ந்தபடி கைபேசி தனியாக ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவில் அவர் எழுந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"கீழ வா. டீ குடிப்போம்."

வாசலுக்கு எதிரே நடைபாதையில் டீக்கடை. மண் குவளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்.

"இந்த வருசம் மாத்திக்கிடது கெடையாதாம். ஆளக் கொறைக்காவளாம். ஒரு டீமுக்கு ஒருத்தன். அதே ஃபாரத்த அனுப்பிட்டு, காரணத்த அப்புறமா சொல்லுதாவ. வெள்ளிக்கிழம ஒன்னக் கூப்பிட்டு லெட்டரக் குடுக்கணும்னு இப்ப எனக்கு மெயில் வந்திருக்கு."

எனக்கு உடனே கோபம்கூட வரவில்லை. "எதுக்கு அண்ணாச்சி என் பேர எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கதுல நல்ல ஆளு நீதான்டே. அதனாலதான்."

என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டு அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல் இருந்தது.

மேடத்திடம் அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். தப்பு நடந்துவிட்டது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். எடுக்கலாம், ஆனால் எண்ணிக்கை குறையாது, மதியம் மூன்று மணிக்குள் அந்த இடத்தில் வேறு பெயர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் தன் பெயரையே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மேனேஜர்களுக்கு வேறு பட்டியல் இருக்கிறது, அதில் உங்கள் பெயர் இல்லை என்று பதில் வந்தது.

"அப்பாக்கு பன்னெண்டாம் தேதி ஆபரேஷன், அண்ணாச்சி."

"தெரியும்டே."

மேலே போனோம். நான் ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எதிரே வெள்ளைத் தாள். பதினோரு மணி, பன்னிரண்டு மணி. முகம் தெரியாத எத்தனை பேரைக் காலைப் பலகாரத்தோடு அணியை விட்டுத் தூக்கியவர் அவர்! முப்பத்தைந்து வயதாகிவிட்டது, தூக்கு. தோள்பட்டை போய்விட்டது, தூக்கு. இட்லி ஆறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு மணிக்கு மறுபடியும் டீக்கடை. அவர் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். மௌமிதாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். இம்ரான் மூன்று தங்கைகளைப் படிக்கவைக்கிறான். போன வருடம்தான் கேட்டு வாங்கின பெண் தேபஸ்ரீ, நம்பி வந்தவள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எனக்குக் காரணங்கள் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் மாத்திரை டப்பாதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"சுபீர்-தா" என்றேன்.

அவர் மண் குவளையைப் பெஞ்சில் வைத்தார்.

"தனி ஆள். அக்காவுக்கும் வேலை இருக்கு. பலகையிலயும் அவர்தான் கடைசி. மேடம் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்று நானே மளமளவென்று சொன்னேன். இவ்வளவும் எனக்குள் தயாராக இருந்திருக்கிறது என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வண்டியில் எப்போதும் முதுகைக் காட்டிப் பேசுகிறவர், அன்றைக்கு நேராகப் பார்த்தார்.

"நீயாடே சொல்லுத?"

அந்தக் கேள்வியில் ஜனவரி இருந்தது. சுபீர்-தா அவரிடம் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர், அன்று அந்த நாற்காலி என் பக்கம் உருண்டு வந்ததையும் பார்த்திருக்கிறார்.

"ஆமா" என்றேன்.

அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். கேட்சரைப் பற்றிச் சொல்வார், கத்துவார், குவளையைப் போட்டு உடைப்பார். எந்த அணியிலும் எந்தக் கடைக்கோடி ஆளுக்காகவும் அரைமணி நேரம் வழக்காடுகிறவர் ஆயிற்றே. அவர் வழக்காடவில்லை. டீக்காசைக் கொடுத்தார், ரோட்டைத் தாண்டினார், மேலே போனார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடிக்கு உள்ளே அவர் விரல்கள் விசைப்பலகையில் ஐந்தாறு தடவை விழுந்தன. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்து வெட்கப்படாத நாள் இன்றுவரை இல்லை.

வெள்ளிக்கிழமை சுபீர்-தா பொரி டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். என்னிடம் வந்ததும், "அப்பாவின் ஆபரேஷன் நல்லபடி ஆகட்டும். முடிந்ததும் ஒரு ஃபோன் பண்ணு" என்றார். அண்ணாச்சியின் அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்தார். அவரைவிட அண்ணாச்சியின் முகம்தான் பார்க்க முடியாமல் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடி ஆயிற்று. அப்பா இன்றைக்கும் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறார். நான் சுபீர்-தாவுக்கு ஃபோன் பண்ணவில்லை. எண்ணைப் போட்டுப் போட்டு அணைத்தேன், அவ்வளவுதான்.

மே மாதத்திலிருந்து எங்கள் காகிதங்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பிவர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒரு கட்டு. பலகையில் எங்கள் வேகம் முன்னைவிட நன்றாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து பிடிக்கத்தான் ஆள் இல்லை. இதை முன்னாலேயே சொன்னேனே என்று சொல்லும் உரிமை அண்ணாச்சிக்கு இருந்தது, அவர் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்த காகிதங்களைத் தன் மேசைக்கு அள்ளிக்கொண்டு போய் மூன்று மணிக்குப் பிறகும் உட்கார்ந்து பார்த்தார்.

ஆட்டமும் ஓடத்தான் செய்தது. டிபன் டப்பா நிமிர்ந்து நின்றது, கைபேசி சாய்ந்து நின்றது. அவர் வாய்தான் ஓடவில்லை. கேன்டீனில் புதுப் பையன்கள் வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். பூஜை கமிட்டியின் முதல் கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். "இவியளுக்கு என்ன ஆச்சு, ஆபீஸ்ல ஏதும் வில்லங்கமா?" என்று மதினி என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார். "வேலை ஜாஸ்தி மதினி" என்றேன்.

ஜூலை கடைசி நாளோடு அந்த விளையாட்டில் ஆள் மாற்றுவதற்குக் கெடு முடியும். முந்தின வருடங்களில் மறுநாள் காலை வண்டியில் எங்களுக்குக் காது இருக்காது. ஐந்து மணிக்கு ஏறியதிலிருந்து செக்டர் ஃபைவ் வரை யார் ஏமாந்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று ஒரே பிரசங்கம். அந்த வருடம் மழை அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் வைப்பர் சத்தம் மட்டும்தான். நான் பின் சீட்டில் கைபேசியைத் திறந்து பார்த்தேன். மூன்று வருடமாக அவர் தலையில் தூக்கிவைத்துப் பேசிவந்த பையனை அவருடைய அணி கொடுத்துவிட்டிருந்தது. பதினெட்டு வயதில் அவன் எடுக்கப்பட்ட அன்று எங்கள் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தவர் இவர். பதிலுக்கு வந்தவர்கள் வயதான இரண்டு பேர், ஒருவனுக்குத் தோள்பட்டையே சரியில்லை.

அவரும் பார்த்துவிட்டார். முன் சீட்டில் அவர் முகத்தில் கைபேசியின் வெளிச்சம் விழுந்திருந்தது. பைபாஸில் இரண்டு சிக்னல் போயிற்று. திட்டினால்கூடப் பரவாயில்லை, பேசினால் போதும் என்று இருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பையனக் குடுத்தது சரியா?"

அவர் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"தெரியலடே" என்றார்.

அது தப்பான பேரம் என்று எனக்கே தெரிந்தது. அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான். அலுவலக வாசலில் வண்டி நின்றதும், இரண்டு பேரும் நனைந்துகொண்டே உள்ளே போனோம்.